கொச்சியில் யூதர் வாழ்வும் கோசர் உணவும்

கேரளத்தின் கொச்சி, 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் ஆறு லட்சம் பேரைக் கொண்ட நடுத்தர அளவு நகரம். பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்த இந்நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் 'ஜூ டவுன்' என்னும் யூதத் தெருவும், 1568-இல் கட்டப்பட்ட பரதேசிப் பள்ளியும் உள்ளன. ஆண்டுதோறும் பெருந்திரளான பயணியர் இவற்றைக் காண வருகின்றனர். ஆனால் சமய விதிப்படி மட்டுமே உண்ணும் யூதப் பயணி ஒருவர் அத்தெருவில் நின்று பசிக்கு உணவு கேட்டால், கோசர் உணவு தரும் கடை ஒன்றும் அங்கில்லை. பெயர் நிலைத்திருக்க, அடுப்பு அணைந்துபோன இந்த நிலை எவ்வாறு வந்தது என்பது கொச்சி யூதர் வரலாற்றின் முக்கியமான பகுதி.

செப்பேடுகள்

கொச்சி யூதர்கள் தம் முன்னோர் முதலில் குடியேறிய இடமாகக் கொடுங்கல்லூரைக் குறிப்பிடுவர். இதுவே பழந்தமிழ் நூல்கள் கூறும் முசிறித் துறையை ஒட்டிய பகுதி. சாலமோன் காலத்திலேயே வந்தோம் என்றும், எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிக்கப்பட்ட பின் வந்தோம் என்றும் இரு மரபுச் செய்திகள் உண்டு. எபிரேய மறைநூலில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் 'துக்கி' என்ற சொல் தமிழ்த் 'தோகை'யிலிருந்து சென்றது என்று பல அறிஞர் கருதுகின்றனர். ஆயினும் ஒரு சொல் கடல் கடந்ததற்குச் சான்று இருப்பதால் ஒரு குடி அப்போதே வந்து தங்கியது என்று கொள்ள முடியாது.

உறுதியான எழுத்துச் சான்று 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் தொடங்குகிறது. அது ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடை. அதில் சாட்சிகளாக ஒப்பமிட்டோருள் சிலர் எபிரேய எழுத்தில் தம் பெயரைப் பொறித்துள்ளனர். யூதர்களுக்கே நேரடியாக அளித்த கொடை கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளுடன் அமைந்த அதன் மொழி, தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத காலத்து மொழி. ஆகவே தமிழ் வாசகர் அதைப் பெருமளவு புரிந்துகொள்ள முடியும். யோசேப்பு ரப்பான் என்று யூதர் கூறும் தலைவரின் பெயர் அதில் ஈசுப்பு இரப்பான் என்று வருகிறது. அவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகர் குழுவின் உரிமையும் 72 சிறப்புரிமைகளும் தலைமுறை உரிமையாகத் தரப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இங்குப் பாவாடை என்பது உடை அன்று, நடப்பதற்கு விரிக்கும் துணி. அஞ்சுவண்ணம் என்ற பெயர் தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் காணப்படுகிறது.

இச்செப்பேடு கொச்சி யூதர்களுக்கு வெறும் பழம்பொருளாக இருக்கவில்லை. யார் அதை வைத்திருக்கிறார்களோ அவர்களே பழங்குடிகள் என்ற வழக்கு நூற்றாண்டுகளாக நடந்தது. 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்கு இதன் படியைப் பரிசாக அளித்தார்.

கொச்சிக்கு வந்த வரலாறு

1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியில் புதிய துறையைத் திறந்துவிட்டது என்பர். வணிகம் தெற்கே நகர, யூதரும் நகர்ந்தனர். கொச்சங்காடியில் அவர்கள் கட்டிய பள்ளியின் 1344-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்று பரதேசிப் பள்ளியில் பதிக்கப்பட்டுள்ளது. 1524-இல் கொடுங்கல்லூர்க் குடியிருப்பு தாக்கப்பட்டது. பின்னர்ப் போர்த்துகீசியரின் நெருக்கடியும் சேர, எஞ்சியோரும் வெளியேறினர். கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு அருகிலேயே அவர்களுக்கு நிலம் அளித்தார். பரதேசிப் பள்ளி அரண்மனைக் கோயிலான பழையனூர் பகவதி கோயிலை ஒட்டி நிற்பது இதனால்தான். அரசர் படையில் யூதர் இருந்ததால் சனிக்கிழமைகளில் போரைத் தவிர்த்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

1662-இல் டச்சுக்காரர் கொச்சியை முற்றுகையிட்டபோது யூதர் அவர்கள் பக்கம் நின்றனர். அதற்குப் பழிவாங்கப் போர்த்துகீசியர் பள்ளிக்குத் தீ வைத்தனர். மறு ஆண்டே டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றியதால் பள்ளி மீண்டும் எழுந்தது. டச்சு ஆட்சிக் காலமே கொச்சி யூதர்களின் வளமான காலம். அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த எசேக்கியேல் ரகபி, டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமை வணிகராகவும் அரசர்களிடையே தூதராகவும் விளங்கினார். பள்ளியின் மணிக்கூண்டும், தரையில் பதித்த கைவண்ணச் சீன ஓடுகளும் அவர் காலத்தவை. நீலமும் வெள்ளையுமான அவ்வோடுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பர்.

வெளிநாட்டு யூதப் பயணியர் வருகையும் புதிதன்று. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் துதேலா நகரத்துப் பெஞ்சமின் கொல்லத்து மிளகையும் அங்குள்ள யூதர்களையும் பற்றி எழுதினார். 1686-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரைரா டி பைவா என்ற வணிகர் கொச்சிக்கே வந்து தங்கி, கண்டவற்றை எழுதினார். அது மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அக்காலப் பயணிக்கு உணவு ஒரு சிக்கலே இல்லை. ஒரே விதிகளைப் பின்பற்றும் ஒரு வீட்டில் தங்கினால் போதும். சமையல் காரமாக இருந்திருக்கலாமே தவிர, விலக்கப்பட்டதாக இருக்காது.

ஒரு பள்ளி, பல பள்ளிகள்

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வட்டாரத்தில் எட்டு யூதப் பள்ளிகள் இயங்கின. மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. இவற்றுள் பரதேசிப் பள்ளி ஒன்றே பிற்காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த சிறு பிரிவினருக்கு உரியது. மற்ற ஏழும் மலபார் யூதர்கள் எனப்படும் பழைய, பெரிய பிரிவினருடையவை. ஐரோப்பியர் எழுதியபடி முன்னவர் 'வெள்ளை யூதர்', பின்னவர் 'கறுப்பு யூதர்' என்று அழைக்கப்பட்டனர். பரதேசிப் பள்ளி வழிகாட்டிகளின் வாயிலாக மட்டும் கொச்சி யூதரை அறியும் பயணி, பத்தில் ஒரு பங்கினரின் வரலாற்றை முழு வரலாறாக எடுத்துச் செல்கிறார்.

பரதேசிகளுக்குள்ளும் ஒரு தாழ்நிலைப் பிரிவு இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினராகக் கருதப்பட்ட இவர்கள் 'மெசுக்ராரிம்' எனப்பட்டனர். அவர்கள் பள்ளியின் இருக்கைகளில் அமரக் கூடாது. வெளிப்புற அறையிலோ படியிலோ தரையிலோதான் இருக்க வேண்டும். சாதி ஏற்றத்தாழ்வு நிலைத்த மண்ணில், ஒரே வேதத்தை ஓதியவர்களும் அந்நோய்க்கு விலக்காகவில்லை. இப்பிரிவில் 1882-இல் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் சென்னையில் பயின்று பட்டமும் சட்டமும் பெற்று வழக்கறிஞரானவர். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். கொச்சிச் சட்டமன்ற உறுப்பினராகவும், காங்கிரசு இயக்கத்தவராகவும், தொழிலாளர் நலம் பேசியவராகவும் விளங்கிய அவர் 'யூத காந்தி' என்று அழைக்கப்பட்டார். அவர் போராட்டத்தால் தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் எல்லோரும் சமமாக அமரும் நிலை வந்தபோது அமர ஆள் குறையத் தொடங்கியிருந்தது. அவர் 1967-இல் மறைந்தார்.

கோசர் என்பது என்ன?

கோசர் என்னும் எபிரேயச் சொல்லுக்குத் தகுதியானது என்று பொருள். பிளந்த குளம்பு உடையதும் அசைபோடுவதுமான விலங்கே உண்ணத் தக்கது. அதையும் பயிற்சி பெற்ற ஒருவர், மாசற்ற கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்திருக்க வேண்டும். அவருக்கு ஷோகெத் என்று பெயர். இறைச்சியை நீரில் ஊறவைத்து உப்பிட்டுக் குருதியை நீக்குவர். இறைச்சியும் பாற்பொருளும் ஒரே வேளையில் சேரக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும். மீனானால் செதிலும் துடுப்பும் இருக்க வேண்டும். கொச்சிச் சந்தையில் கரிமீனும் மத்தியும் நெய்மீனும் தகும். இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி தகா. கடலும் காயலும் சூழ்ந்த ஊரில் இறாலை விலக்கிப் பல தலைமுறை வாழ்ந்தது எளிய செயல் அன்று.

இவ்விதிகளுக்குக் கேரள மண் ஒரு பெரிய உதவியைச் செய்தது. அதுதான் தேங்காய். பாலும் நெய்யும் இறைச்சியோடு சேரக் கூடாதபோது, தேங்காய்ப்பால் குழம்புக்குக் கொழுமை தந்தது. அது பெயரில்தான் பால். விதிப்படி இறைச்சியோடும் சேரும், பாலோடும் சேரும். கொச்சி யூதப் பெண்களின் சமையல், அண்டை வீட்டு நாயர், கிறித்தவர், முஸ்லிம் சமையலோடு கறிவேப்பிலை, மிளகு, மஞ்சள், புளி ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டும் தன் எல்லையை மீறாமல் இருந்ததற்குத் தேங்காயே முதற்காரணம். பரதேசிக் குடும்பங்களில் 'பாஸ்டல்' என்னும் பொரித்த பூரணப் பண்டம் போன்ற மேற்கத்தியத் தின்பண்டங்களும் கலந்தன. கனுக்கா விளக்குத் திருநாளில் எண்ணெயில் பொரித்த பண்டம் உண்பது உலக யூதர் வழக்கம். கொச்சியில் அந்த இடத்தை நெய்யப்பம் பெற்றது.

வெள்ளி மாலை கதிர் மறைந்தது முதல் சனி இரவு வரை ஓய்வுநாள். அதற்குள் தீ மூட்டக் கூடாது என்பதால் சனிக்கிழமை உணவு வெள்ளியன்றே சமைக்கப்பட்டுத் தணலில் வைக்கப்படும். ஓய்வுநாள் வாழ்த்துக்குத் திராட்சை மது வேண்டும். கொச்சியில் திராட்சைத் தோட்டம் ஏது? உலர்திராட்சையிலிருந்து வீட்டிலேயே அதைச் செய்துகொண்டனர்.

பெசாக் எனப்படும் பாஸ்காத் திருநாளுக்கான முன்னேற்பாடுகள் அவர்களுடைய ஒழுக்கத்தின் உச்சம். எட்டு நாட்கள் புளித்த மாவுப்பொருள் வீட்டிலேயே இருக்கக் கூடாது. கனுக்கா முடிந்தவுடனே, அதாவது சில மாதங்களுக்கு முன்பே, வேலை தொடங்கிவிடும். சுவர்கள் சுரண்டி வெள்ளையடிக்கப்படும்; கிணறு இறைத்துத் தூர்வாரப்படும்; செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசப்படும். ஐரோப்பிய யூதர் அந்நாட்களில் அரிசியை விலக்குவர். கொச்சியார் அரிசியை உண்பர். ஆனால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித் தூய்மை செய்த அரிசியை மட்டும். மசாலாப் பொருட்களும் தனியே வாங்கி, கழுவி, காயவைத்து, இடித்து வைக்கப்படும். பொங்கலுக்கு வீட்டை ஒழித்துத் துப்புரவாக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது விளங்கும். அளவில்தான் பன்மடங்கு.

இவ்வளவும் செய்தவர்கள் பெண்கள். பள்ளியில் ஆண்கள் எபிரேயத்தில் ஓத, வீட்டிலும் திருமணத்திலும் பெண்கள் மலையாளத்தில் யூதப் பாடல்களைப் பாடினர். அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதித் தாய் மகளுக்கு அளித்தாள். உணவு விதிகளும் அவ்வாறே கைமாறின. கொச்சியில் முறையாகப் பட்டம் பெற்ற ரபிகள் இருந்ததில்லை என்பதை நினைவில் கொண்டால், அடுக்களையே இங்குச் சமயக் கல்விக்கூடமாக இருந்தது என்று கூறுவது மிகையாகாது. மெசுக்ராரிம் பிரிவில் பிறந்து இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பின் இஸ்ரேல் சென்ற ரூபி தானியேல் 1995-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நினைவு நூல் இவ்வாழ்வை உள்ளிருந்து காட்டும் அரிய நூல்.

வெளியேற்றம்

1948-இல் இஸ்ரேல் உருவானபோது கொச்சி யூதர் ஏறத்தாழ 2,400 பேர். யாரும் அவர்களை விரட்டவில்லை. சமயப் பற்றும் பொருளாதார நிலையும் சேர்ந்து அவர்களை ஈர்த்தன. 1953 முதல் 1955 வரை மலபார் யூதர் ஏறக்குறைய முழு ஊர்களாகவே புறப்பட்டனர். மாளைப் பள்ளியும் கல்லறைத் தோட்டமும் 1955-இல் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. வணிகமும் சொத்தும் இருந்த பரதேசிகள் மெதுவாக, அடுத்த தலைமுறையில் சென்றனர். 1968-இல் பள்ளியின் 400-ஆம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், அஞ்சல்தலையும் வெளியானது.

பொது வழிபாட்டுக்கு 13 அகவை நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இத்தொகைக்கு மின்யான் என்று பெயர். பத்து ஒன்பதானால் தோராச் சுருளை எடுத்து ஓத முடியாது. கொச்சியில் அந்நிலை வந்தபின், பள்ளியைக் காண வந்த யூதப் பயணியரே சில நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்தனர். ஷோகெத் இல்லாதபோது இறைச்சி நின்றது. சிறுகச் சிறுக மீனும் காய்கறியுமே உணவாயின. பள்ளியை ஒரு காவலர் திறந்து மூடிக் காக்க முடியும். சமையல் விதிகளுக்கோ அவற்றை நாள்தோறும் கடைப்பிடிக்கும் குடும்பங்கள் வேண்டும்.

பயணியர் அறிய வேண்டியவை

கொச்சி வரும் கோசர் பயணிக்கு முதல் ஏமாற்றம் சைவ உணவகம். இந்தியாவில் சைவம் எங்கும் கிடைப்பதால் சிக்கல் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் சைவம் வேறு, கோசர் வேறு. கீரையிலும் பூக்கோசிலும் புழு இல்லை என்று சோதித்திருக்க வேண்டும். பாலாடைக்கட்டி விலங்கு நொதியால் செய்யப்பட்டிருக்கக் கூடாது. சமையல் தீயில் யூதர் ஒருவரின் கை பட்டிருக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளி இவை எதற்கும் உறுதி தராது. பெசாக் நாட்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்பட்டிருக்கும். சாம்பாரில் கோதுமை இருக்கிறது என்றால் நம் வீடுகளிலேயே பலர் வியப்பர். சற்றே தளர்வாகக் கடைப்பிடிப்பவர் சைவ உணவகத்தில் உண்கின்றனர். கண்டிப்பானவர் உண்பதில்லை.

அத்தகையோருக்கு இயற்கை வழியுண்டு. முழுப் பழங்கள், இளநீர், வாழைப்பழம், ஓட்டோடு வாங்கும் நிலக்கடலை ஆகியவற்றுக்கு ஐயமில்லை. வீட்டுத் தங்குமிடங்களில் அடுப்பு தருவோர் உளர்; அங்குப் புதுப் பாத்திரம் வாங்கித் தாமே சமைக்கலாம். யூதரல்லாதாரிடம் வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களைப் பயன்படுத்துமுன் கடல் போன்ற இயற்கை நீரில் அமிழ்த்த வேண்டும். மெருகிடாத மண்சட்டிக்கு அவ்விதி இல்லை. கேரளச் சந்தையில் அது மலிவு. மீனை முழுதாக, செதிலோடு கண்டு, தம் கத்தியால் வெட்டுவிக்க வேண்டும். இறைச்சி வேண்டுவோர், இந்திய யூதர் மிகுதியாக வாழும் மும்பையில் ஏற்பாடு செய்து வருவதே முறை.

இதில் ஒரு முரண் உண்டு. கொச்சி வட்டாரத்தின் மிளகு, ஏலம், மசாலாச் சாறு ஆலைகள் ஏற்றுமதிக்காகக் கோசர் சான்றிதழ் பெறுகின்றன. வெளிநாட்டுக் கோசர் அடுக்களைகளுக்குக் கொச்சியின் மசாலா செல்கிறது. யூதத் தெருவின் உணவகங்களில் கிடைப்பதோ எல்லாச் சுற்றுலாத் தலங்களிலும் கிடைக்கும் உணவு.

பரதேசிப் பள்ளி சனிக்கிழமையும் யூதத் திருநாட்களிலும் பார்வையாளருக்கு மூடப்பட்டிருக்கும். காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். மற்ற நாட்டு யூதர்களை வியப்பில் ஆழ்த்தும் இவ்வழக்கம் இந்த மண்ணுக்குரியது. நேரமுள்ளவர் அங்கே நின்றுவிடாமல் எறணாகுளம் சந்தைப் பகுதிக்குச் செல்லலாம். அங்குக் கடவும்பாகம் பள்ளி, வண்ணமீன்களும் செடிகளும் விற்கும் கடைக்குப் பின்னால் மறைந்துள்ளது. பரவூர், சேந்தமங்கலம் பள்ளிகள் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாக உள்ளன. சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த, இஸ்ரவேல் மகள் சாரா என்னும் பெண்ணின் எபிரேயக் கல்லறைக்கல் உள்ளது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுகள் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1995 முதல் காட்சியில் உள்ளன. கொச்சியில் எஞ்சி நின்ற அதன் கட்டடம் 2019 மழையில் ஒரு பகுதி இடிந்தது.

இன்றைய நிலை

இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்திம் என்னும் குடியிருப்பில் கொச்சி யூதர் மரபு மையமும் கொச்சிப் பாணிப் பள்ளியும் உள்ளன. அங்கும் பிற குடியிருப்புகளிலும் வாழ்வோர் பயிர்த்தொழிலில், குறிப்பாகப் பூச்செடி வளர்ப்பில், பெயர் பெற்றனர். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாகு பெசலேல் இதற்காக 2006-இல் இந்திய அரசின் பிரவாசி பாரதீய சம்மான் விருது பெற்றார். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பயணிகளாகக் கொச்சிக்கு வந்து பாட்டி சொன்ன தெருவைத் தேடுகின்றனர்.

யூதத் தெருவில் நெடுங்காலம் பூத்தையல் கடை நடத்திய சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் 96-ஆம் அகவையில் மறைந்தார். பரதேசிப் பள்ளியைப் பல்லாண்டு நிர்வகித்த குயீனி ஹல்லேகுவா 2024 ஆகஸ்டில் மறைந்தார். ஓய்வுநாளில் அணியும் கிப்பா தொப்பியும், ஓய்வுநாள் அப்பத்தை மூடும் பூத்தையல் துணியும் வேண்டுவோர் இன்றும் சாரா கோஹனின் கடைக்கே செல்கின்றனர். அவருக்குப் பின் அதை நடத்துபவர், முதுமையில் அவரைத் தாயாகக் கருதிப் பேணிய ஒரு முஸ்லிம்.